கல்லு காலி

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். தையல்நாயகி எண்ணுவாள். எண்ணுவதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை என்பதால் அது கையோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. அன்று காலை ஏழாம் பாத்தியில் துளையிட்டு எடுத்த கல்தண்டுகளை மேசைமேல் வரிசையாகக் கிடத்தி, மேலடுக்கிலிருந்து கீழாகப் பத்துக்கு ஒரு ஊசி குத்தி எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணூற்றுப் பதிமூன்றாவது கோட்டில் கை நின்றது. கோடு கலைந்திருந்தது.

அரியலூருக்குக் கிழக்கே வெள்ளோடையில் சிமெண்டுக்காக வெட்டி எடுத்துவிட்டுப் போட்ட சுண்ணாம்புக்கல் பள்ளம் ஒன்று இருக்கிறது. நூறு வருஷம் வெட்டினார்கள். பிறகு புகைச் சட்டம் வந்தது. ஆகாயத்தில் விட்ட புகையை அவரவரே திரும்பப் பிடித்து எங்கேயாவது பூட்டிவைக்க வேண்டும் என்றார்கள். எங்கேயாவது என்றால் எங்கே? நம் ஊர்ப் பள்ளத்தில்தான். பணக்கார நாடுகளின் புகைக்கு வெள்ளோடையில் வீடு கிடைத்தது.

பூட்டுவதற்கு ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஊரில் அதை ‘உறை’ என்றார்கள், பாலுக்கு ஊற்றுகிற உறைதான். பள்ளத்தைப் பாத்தி பாத்தியாகச் சுவர் வைத்துப் பிரித்து, புகை கரைந்த தண்ணீரைக் கணுக்கால் அளவு விட்டு, உறையைத் தெளித்து, வெளிச்சம் புகும் வெள்ளைப் படுதாவை ஆள் எட்டாத உயரத்தில் இழுத்து மூடி, இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு, மேலும் தண்ணீர் வர வால்வைத் திறப்பார்கள். பகலில் வெயில் பட்டால் உறை புகையைத் தின்று கல்லாக்கும். தினமும் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இரவில் உறை தூங்கிவிடும். அப்போது தண்ணீரில் இருக்கும் சேறு படியும், மேலே கனம் ஏற ஏற அழுந்திப் பென்சில் கோடு போலக் கறுத்த களிப்பாறையாகிவிடும். ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு சேர்ந்தால் ஒரு நாள். நாற்பத்தெட்டு நாள் கழித்து ஒரு காலைப்பொழுது மட்டும் திறந்து, தரையைச் சுரண்டி, புது உறை தெளித்து மறுபடி மூடுவார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும்.

பள்ளத்தின் பழைய சுவரிலும் இதே வெள்ளையும் கறுப்பும்தான். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. வண்டிச்சக்கரம் அளவு சுருள் நத்தைகள், சிப்பிகள், சுறாவின் பல், எல்லாம் அந்தந்த அடுக்கில் கல்லாகிக் கிடக்கும். கடல் பல லட்சம் வருஷம் உட்கார்ந்து செய்த வேலையை உறை இரண்டேகால் வருஷத்தில் செய்துவிட்டது. புதுக் கல்லிலும் தும்பி, ஓணான், தவறி விழுந்த நாய் என்று ஏதாவது கிடைக்கத்தான் செய்தது.

தையல்நாயகிக்கு அந்தக் கல் நாட்காட்டி மாதிரி. பொங்கலுக்கு மூன்று நாள் பம்பு ஓடாது, வெள்ளை மெலிந்திருக்கும். ஐப்பசி மழையில் கறுப்புக் கோடு தடிக்கும். எண்ணூற்றுப் பதினேழாவது வெள்ளை பாதிக் கனம்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மகத்துக்குப் பம்பு ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை, அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்கு மேலே நான்கு நாள் அடுக்குகள் கலைந்து, நசுங்கி, வெள்ளையும் கறுப்பும் பிசைந்து கிடந்தன. ஐந்தாம் நாளிலிருந்து கோடு நேராகிவிட்டது.

நாய் விழுந்தாலும் கலையும். ஆனால் நாய் அரை நாள் ஓடும், அப்புறம் உறை அதன் காலைப் பிடித்துவிடும். ஏதோ ஒன்று நான்கு நாள், இரவும் பகலும், காலை உறையவிடாமல் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாசி மகத்துக்கு மறுநாள் தொடங்கி.

அந்தத் தேதியை அவள் எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் அவள் தம்பி கொளஞ்சி ஓடிப்போனான்.

ஓடிப்போனான் என்று ஊரே சொன்னது, அவளும் சொன்னாள். உறை தெளிக்கும் வேலைக்குக் காலையில் போனவன் திரும்பவில்லை. திருப்பூரில் ஒருத்தியோடு பார்த்ததாக எவனோ சொன்னான். செல்போன் வீட்டிலேயே கிடந்தது. புகைக்குழாய்ப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி விதி, அவன் எப்போதும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவான். அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. அவன் மனைவி பரிமளா மட்டும் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் நின்றாள். “அவரு செருப்பு எல்லைக்கல்லுலயும் இல்ல, வீட்டுலயும் இல்ல. அது என்னான்னு தொறந்து பாருங்க” என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். அவளை இழுத்துக்கொண்டு வந்தது தையல்நாயகிதான். பத்துப் பேர் பார்க்க நடுத்தெருவில் வைத்துச் சொன்னாள்: “ஓடிப்போறவன் போன விட்டுட்டுத்தான் போவான், செருப்ப மாட்டிக்கிட்டுத்தான் போவான். புருசன வச்சிக்கத் தெரியாதவளுக்குப் பேச்சப் பாரு.”

இரண்டு வருஷமாகத் தம்பியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்ப மானத்தைக் காற்றில் விட்டவன் என்று மனதுக்குள் திட்டாத நாளில்லை. இப்போது கையில் ஊசியோடு நின்றவளுக்கு அந்தத் திட்டெல்லாம் தொண்டைக்குத் திரும்பி வந்தன.

ஊசியை மேசையில் போட்டுவிட்டுப் பள்ளத்துக்கு நடந்தாள்.

பள்ளத்தின் வாயில் எல்லைக்கல் இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் செருப்புக் காலோடு போவதில்லை. கல் வெட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். செத்ததுகள் கோடிக்கணக்கில் படுத்திருக்கிற இடம், செருப்புக் கால் படக்கூடாது, பட்டால் முனி விடாது என்பார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கல்லடியில் கழற்றிவிட்டுப் போவார்கள், வருகிறபோது மாட்டிக்கொள்வார்கள். அதனால் வெடி வைப்பதற்கு முன்னால் கல்லடியைப் பார்த்தாலே போதும், உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். செருப்பு ஒன்றும் இல்லையென்றால் காவல்காரர் மூன்று தடவை “கல்லு காலி” என்று கூவுவார். அப்புறம்தான் சங்கு ஊதும்.

புகைக் கம்பெனி வந்தபோது, ஒவ்வொரு ஆளையும் எண்ணும் தானியங்கிக் கதவு வைப்பதாகத் திட்டத்தில் இருந்தது. செருப்பைப் பார்த்ததும் அதைக் கைவிட்டார்கள். கதவு வாங்குவதற்குப் பதில் செருப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். மண்ணின் மரபைப் பாதுகாப்பு முறையாக்கிய நிறுவனம் என்று வெளிநாட்டிலிருந்து விருது வந்தது. அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டி, கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் விதியையும் எழுதிவைத்தார்கள்: எல்லைக்கல்லில் ஒருவருடைய காலணி இருந்தாலும் வால்வு திறக்கப்படாது. சும்மா கிடைத்தது எதையும் கம்பெனி விடுவதில்லை, முனியைக்கூட வேலைக்கு வைத்துக்கொண்டது.

காவல்காரர் சவரிமுத்து கல்லருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தொட்டவர். முப்பது வருஷமாகக் கூவிக் கூவிக் குரல் கரகரத்துப் போயிருந்தது.

“அண்ணே, ஏழாம் பாத்தியில இன்னொரு தண்டு எடுக்கணும். மிசின் உள்ளதான இருக்கு?”

“காலையிலதான எடுத்த? வெள்ளிக்கெழம பாத்திய மூடி முத்திர ஊத்துறாங்க. அதுக்கப்புறம் ஆயிரம் வருசத்துக்கு ஊசிகூடக் குத்தக்கூடாதாமே.”

“அதனாலதான்ணே இன்னைக்கு எடுக்கணும்.”

அவள் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். முத்திரைக்காகத் தண்ணீரை வடித்து ஏழாம் பாத்தியை அந்த வாரம் திறந்தே வைத்திருந்தார்கள்.

காலையில் துளைத்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி மிஷினை நிறுத்தினாள். பாத்தியின் கதவுக்குப் பக்கத்து மூலை அது. முப்பத்து நான்கு அடி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசித் தண்டைச் சவரிமுத்து தண்ணீர் விட்டுக் கழுவினார். உள்ளங்கை அகலக் கல். கலைந்த அடுக்கின் நடுவில், இரண்டாம் நாள் கனத்தில், நீலமாக ஏதோ மாட்டியிருந்தது.

ரப்பர். செருப்பின் முன்பாதி, துளையிட்ட வட்டத்துக்கு ஏற்ப அறுபட்டிருந்தது. வார் அறுந்து, அறுந்த இடத்தைச் செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கல்தண்டுகளுக்கு அடையாளச் சீட்டு கட்டுகிற கம்பி அது. இடப்பக்கமாக மூன்று முறுக்கு முறுக்கி முனையை உள்ளே மடித்துவிடுவது தையல்நாயகியின் கைப்பழக்கம்.

“செருப்பா? உள்ள எப்புடி செருப்பு வரும்?” என்றார் சவரிமுத்து. அப்புறம் அவருக்குப் புரிந்தது. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கொளஞ்சிதுண்ணே.”

“நான்தான் கூவுனேன் தையலு. அன்னைக்கி நான்தான் கூவுனேன். கல்லடியில ஒரு செருப்பு கெடையாது. நல்லாப் பாத்துட்டு, மூணு தடவ கூவுனேன்.”

அவள் இரும்புக் கதவைப் பார்த்தாள். தூரத்து மூலையில் உறை தெளித்துக்கொண்டிருந்த கொளஞ்சிக்குக் கூவியது கேட்டிருக்காது, கதவு பூட்டியதும் ஓடிவந்து தட்டியிருப்பான். வெளியே புகையைத் தண்ணீரில் கரைக்கும் ஊதிகளின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கணுக்கால் வரை பால் மாதிரித் தண்ணீர். பகலில் நின்றால் கால் உறையும், இரவில் நின்றால் சேறு பிடிக்கும். படுத்தால் உடம்பு உறையும். அதனால் மிதித்தான். தூங்காமல் நான்கு நாள் மிதித்திருக்கிறான். நான்காம் நாள் சுருண்டு விழுந்திருப்பான். ஒரு மண்டலம் கழித்துக் கதவு திறந்தபோது அவன்மேல் இரண்டடிக் கல் ஏறியிருக்கும்.

அவள் மிஷினை இன்னும் ஓரடி நகர்த்தப் போனாள். சவரிமுத்து கையைப் பிடித்தார்.

“போதும். இதுக்கு மேல குத்துனா அவன் மேலதான் குத்துவோம்.”

மேலாளர் முகுந்தனின் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர், நாற்பது வயது, யாரையும் ‘நீங்க’ என்றுதான் பேசுவார், குரலை உயர்த்தவே மாட்டார். தையல்நாயகி கல்தண்டை அவர் மேசையில் இருந்த வெள்ளிக்கிழமை அழைப்பிதழ்கள்மேல் வைத்தாள். ஈரம் இறங்கி அழைப்பிதழ் ஊறியது. அவர் தண்டையும் பார்த்தார், செருப்பையும் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்பதை அவள் அப்போதே கண்டுகொண்டாள்.

“தெரியுமா சார் உங்களுக்கு?”

“ஆள்னு தெரியாது. சத்தியமா தெரியாது. அசைவு இருந்தது. ஒவ்வொரு பாத்திக்கு அடியிலயும் அதிர்வுமானி இருக்கில்லையா, அதுல பதிவாச்சு. விலங்குன்னு குறிச்சாங்க.”

“நாலு நாளா ஒரு நாயி ஓடுமா சார்? ராவெல்லாம் ஓடுமா?”

“ரெண்டாம் நாள் எனக்கும் சந்தேகம் வந்தது. மறைக்கல. ஆனா படுதாவ விலக்கினா அந்த மண்டலம் முழுக்க வீண். பால்ல கைய விட்டா தயிர் உறையாதுன்னு நீங்கதானே ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுப்பீங்க? அதனால கல்லடியப் பாத்து எழுதியிருந்த பதிவ எடுத்துப் பாத்தேன். செருப்பு இல்ல. உங்க ஊர் வழக்கப்படி செருப்பு இல்லன்னா ஆள் இல்ல. நாங்க உங்க மரபத்தான் மதிச்சோம்.”

அவள் தண்டின்மேல் கையை வைத்தாள். இத்தனை நாள் இந்த மனிதருக்கு வணக்கம் வைத்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

“கதவ ஒரு தடவ தொறந்து பாக்குறதுக்கு எங்க மரபு குறுக்க வந்துச்சா சார்? ஒரு நிமிசம். தொறந்திருந்தா அவன் நடந்து வெளிய வந்திருப்பான்.”

“அவர் ஏன் செருப்போட உள்ள போனார்? அதுதானே கேள்வி. அத்தன பேர் வெறுங்காலோட போறாங்க. இவர் மட்டும் ஏன்?”

அந்த நேரத்தில் அவள் வாயைக் கட்டியிருக்கலாம். கோபத்தில் இருப்பவளுக்கு உண்மைதான் முதலில் வரும்.

“நான்தான் போட்டுக்கிட்டுப் போவச்சொன்னேன்.”

சொன்னபிறகுதான் அவளுக்கே முழுதாகக் கேட்டது.

சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று கொளஞ்சியின் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ரத்தம் வரும். மாசி மகத்தன்று இவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் நொண்டிக்கொண்டு நடந்தான். இவள் அரியலூர்க் கடைத்தெருவில் அவனுக்கென்று வாங்கிய நீலச் செருப்பு அது, வாங்கின வாரமே வார் அறுந்து இவளே கம்பி கட்டிக்கொடுத்தது. நாளைக்கு அதை மாட்டிக்கொண்டே உள்ளே போ என்றாள். முனி என்றான். அவள் சிரித்தாள். நிலவியல் படித்த திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. “பத்துக் கோடி வருசமா செத்துக் கெடக்குற நத்தைக்கு உன் செருப்பு உறுத்தப் போவுதாக்கும்” என்றாள். செருப்பு முனிக்காகக் கழற்றுவது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அது ஆளை எண்ணுவதற்கும்தான் என்பது, தினமும் எண்ணிச் சோறு தின்கிறவளுக்கு அன்று மண்டையில் ஏறவில்லை.

முகுந்தன் அழைப்பிதழ் ஒன்றை உருவி ஈரத்தைத் துடைத்தார். பிறகு இன்னும் மெதுவான குரலில் சொன்னார்.

“நல்லவேள, என்கிட்ட சொன்னீங்க. வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. வெள்ளிக்கிழமை முத்திர ஆகட்டும். அதுக்கு முன்னாடி இது வெளிய போச்சுன்னா, விசாரணையில முதல் கேள்வியே செருப்பு போடச் சொன்னது யாருன்னுதான் வரும். உங்க தம்பி மனைவி அதத் தாங்குவாங்களா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தண்ட இங்க வச்சுட்டுப் போங்க. கம்பெனிச் சொத்து அது.”

தையல்நாயகி தண்டை எடுத்து முந்தானையில் சுற்றினாள்.

“கல்லு கம்பெனியுதா இருக்கட்டும் சார். செருப்பு நான் வாங்குனது.”

பரிமளா முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகையில் இருந்தாள். கொட்டைப் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்து உரிந்திருந்தன. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமமும் இருந்தது. ஓடிப்போனவன் பெண்டாட்டிக்குக் குங்குமம் ஒரு கேடா என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. மகள் பள்ளிக்கூடத்தில் அப்பன் பெயரைச் சொல்லக் கூசி ஆறு மாதமாகப் பள்ளிக்கே போகாமல் இருந்தாள்.

நாத்தனாரைப் பார்த்ததும் பரிமளா எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தையல்நாயகி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையைப் பிரித்துக் கல்லை வைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நான்கு நாளையும் சொன்னாள். மேலாளர் சொன்னதைச் சொன்னாள். கடைசியில், செருப்பைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னது யார் என்பதையும் சொன்னாள்.

பரிமளா கறுத்த விரலால் செம்புக் கம்பியைத் தொட்டாள். வெகுநேரம் அதையே தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“அது எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்னாத் தெரியும்?”

“நீங்க சொன்னது. காலையில கெளம்புறப்போ சொன்னாரு. அக்கா சொல்லிப்புடுச்சி, இனிமே செருப்போடதான் உள்ள போவப்போறேன்னு. நானும் சரின்னுதான் சொன்னேன். அந்தக் காலப் பாத்தா யாரு வேண்டாம்பா? அதத்தான் ஆபீசுல சொல்லிச் சொல்லிப் பாத்தேன். செருப்பு எங்கயும் இல்ல, அவரு அதப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள போனாரு, தொறந்து பாருங்கன்னு. மூணாம் நாளும் சொன்னேன்.”

தையல்நாயகி மனதுக்குள் எண்ணினாள். மூன்றாம் நாள் அவன் உயிரோடு மிதித்துக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கி என்னையத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்தது நீங்கதான் அண்ணி. செருப்பு போடச் சொன்னது பாசம். அத நான் மனசுல வைக்கல. தெருவுல வச்சி என் வாய அடச்சீங்களே, அது பாசமா?”

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. பரிமளா அடிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“ஒங்கள நான் மன்னிக்கல. அத அப்புறம் பாத்துக்கலாம். வெள்ளிக்கெழம எத்தன மணிக்கி?”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளத்தின் வாயில் பந்தல் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் புகை வாரியத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள் வெள்ளை முடியும் வெயிலில் சிவந்த முகமுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். அந்த அம்மாள்தான் பொத்தானை அழுத்தி வால்வைத் திறக்க வேண்டும். முத்திரைக் கலவை பாத்தியில் இறங்கினால் அதற்குப் பிறகு அந்தக் கல்லை யாரும் தொட முடியாது. உள்ளே இருக்கிற புகை போலவே உள்ளே இருக்கிற ஆளும் ஆயிரம் வருஷத்துக்குப் பத்திரம்.

தரையைச் சுரண்டப் போயிருந்தவர்கள் திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு பந்தல் ஓரமாக நின்றார்கள். கல்லடி வெறுமையாகக் கிடந்தது. முகுந்தன் ஒலிபெருக்கியில் முதலில் மரபின் பெருமையைப் பற்றிப் பேசினார். வந்திருக்கிற விருந்தாளிகள் இந்த மண்ணின் பழமையான பாதுகாப்பு முறையை நேரில் காணப் போகிறார்கள் என்றார். சவரிமுத்து புதுச் சட்டை போட்டு எல்லைக்கல் பக்கத்தில் நின்றிருந்தார்.

அப்போதுதான் இரண்டு பெண்களும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். பரிமளா நேராக எல்லைக்கல்லுக்குப் போய், முந்தானையில் இருந்த கல்தண்டை எடுத்து, எல்லோரும் செருப்பு விடுகிற இடத்தில் விட்டாள். நீல ரப்பர் மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள். தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

முகுந்தன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வேகமாக வந்தார்.

“தையல்நாயகி, நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? எல்லாத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.”

“நீங்க என்னாத்துக்கு சார் சொல்லணும். நானே சொல்றேன்.” அவள் பந்தலைப் பார்த்துத் திரும்பினாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. “எல்லாரும் கேளுங்க. என் தம்பி கொளஞ்சி ஓடிப்போவல. ஏழாம் பாத்திக்குள்ள கெடக்கான். செருப்போட உள்ள போன்னு சொன்னவ நான். செருப்பக் காணும், தொறந்து பாருங்கன்னு கதறுனவள இழுத்துக்கிட்டுப் போனவளும் நான். உள்ள அசையிதுன்னு மிசினு நாலு நாளு சொல்லியும் கதவத் தொறக்காதவரு இவரு. என் தப்ப நான் சொல்லிட்டேன். அவரு தப்ப அவரு சொல்லட்டும்.”

மொழிபெயர்க்கிற பெண் முதலில் தயங்கினாள். ஆய்வாளர் அம்மாள் அவள் தோளைத் தட்டினாள். அந்தப் பெண் மெல்லச் சொல்லத் தொடங்கினாள், சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கல்லடியில் இருந்த தண்டைப் பார்த்தாள். பிறகு வாசலில் மாட்டியிருந்த விருதின் கீழே எழுதியிருந்த விதியைப் படித்தாள். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

முகுந்தன் அவளுக்கு ஆங்கிலத்திலும், பரிமளாவுக்குத் தமிழிலுமாகப் பதில் சொன்னார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

“இது ஒரு கல்லு. அதுல ரப்பர் துண்டு ஒண்ணு மாட்டியிருக்கு. காலணின்னா ஜோடியா இருக்கணும். ஒத்தச் செருப்ப வச்சு யாரும் உள்ள போறதில்ல. இன்னொண்ணு எங்க?”

பரிமளா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னொண்ணு அவரு கால்லயே இருக்குது சார்.”

தொழிலாளர்களில் ஒருவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். முகுந்தன் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

“நேரமாகுது. கூவுங்க.”

சவரிமுத்து எல்லைக்கல்லைப் பார்த்தார். குனிந்து, சுற்றி வந்து, முப்பது வருஷமாகப் பார்க்கிற மாதிரியே நிதானமாகப் பார்த்தார். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்திருப்பார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண்கள் நிரம்பியிருந்தன. ஆனால் குரல் பள்ளத்தின் அடி வரைக்கும் போயிற்று.

“கல்லு காலி இல்ல. ஆளு உள்ள இருக்கான்.”

மூன்று தடவை கூவினார்.